குன்மமும் கிராணியும்

ஜவ்வாது மலைக்கு ‘அல்சர்’ என்ற சொல் ஏறி வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன்பு வயிற்றுக் கோளாறுக்கு அங்கே பல பெயர்கள் புழங்கின. தின்றது செரிக்காமல் கிடந்தால் மந்தம், காற்று அடைத்து வயிறு உப்பினால் பொருமல், தண்ணீராகப் போனால் பேதி, சளியும் ரத்தமும் கலந்து போனால் சீதபேதி. சித்த மருத்துவம் இன்னும் நுணுக்கமாகப் பிரித்து வைத்திருந்தது. மேல்வயிற்றைப் பிடித்து எரிச்சலும் வலியும் குமட்டலுமாகப் படுத்துவது குன்மம். அதில் எட்டு வகை உண்டு என்பார்கள். கீழே குடலைப் பற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் கழிச்சலும் இரைச்சலுமாக விட்டுவிட்டு வருவது கிராணி. இரண்டுக்கும் மருந்து வேறு, பத்தியம் வேறு. ‘அல்சர்’ வந்ததும் இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் போய் அடைந்துகொண்டன. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. 2019இல் திருப்பத்தூரும் தனி மாவட்டமானது. ஆக ஜமுனாமரத்தூர்க்காரர் திருவண்ணாமலைப் பக்கமும் புதூர்நாட்டுக்காரர் திருப்பத்தூர்ப் பக்கமும் பீஞ்சமந்தைக்காரர் வேலூர்ப் பக்கமும் வைத்தியத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று. எந்தப் பக்கம் இறங்கினாலும் திரும்பி வரும்போது கொண்டுவந்த சொல் மட்டும் ஒன்றாகவே இருந்தது. இப்போது அந்த இடத்தில் ‘பைலோரி’ என்ற கிருமியின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. மேல்வயிற்று எரிச்சலுக்கும் அதுதான் காரணம், சாப்பிட்டதும் வெளிக்குப் போகவேண்டியிருப்பதற்கும் அதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. முதல் பாதியை ஏற்கலாம். இரண்டாம் பாதியை ஏற்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது என் கட்சி. சொல்லப்போனால், பழைய குன்மம்–கிராணிப் பிரிவினையே இந்த விஷயத்தில் உண்மைக்குக் கிட்டத்தில் நிற்கிறது.

வயிற்றுப் புண்ணுக்கு ஒரு கிருமி காரணமாக இருக்க முடியும் என்று எங்கள் இளமையில் யாரும் சொல்லவில்லை. காரம், புளி, வெறும் வயிற்றுக் காப்பி, பீடி, கவலை இவைதான் குற்றவாளிகள். பாலும் மோர்ச்சாதமும், வாயில் போட்டுக் கடிக்கும் இளஞ்சிவப்பு ஜெலுசில் மாத்திரையும்தான் சிகிச்சை. இதில் மூடநம்பிக்கை என்று தள்ள ஒன்றுமில்லை. அன்றைய ஆராய்ச்சியே அந்தத் திசையில்தான் போனது. ரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா, வடக்கத்தி ஊழியர்களைவிடத் தெற்கத்தி ஊழியர்களிடம் குடற்புண் அதிகம் என்று கண்டு 1964இல் எழுதினார். ரொட்டியை மெல்லாமல் விழுங்க முடியாது. குழைந்த சோற்றை மெல்லாமலே தள்ளிவிடலாம். உமிழ்நீர் சேராத உணவு வயிற்றைக் காப்பதில்லை என்பது அவர் விளக்கம். மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேயரும், அரிசி உண்ணும் நிலங்களில் சிறுகுடல் முகப்புப் புண் மிகுதி என்பதைப் பல ஆண்டுகள் துரத்தினார். இந்தப் பழைய கவனிப்புகள் பின்னால் வேறொரு வகையில் பயன்படுகின்றன. அதனால்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் இரைப்பைத் திசுக்களில் வளைந்த சிறு பாக்டீரியாக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவரோடு சேர்ந்த இளம் மருத்துவர் பேரி மார்ஷல் 1982இல் அதை வளர்த்துக் காட்டினார். அதுதான் இன்று எச்.பைலோரி எனப்படும் ஹெலிகோபாக்டர் பைலோரி. வழக்கமாக இரண்டு நாளில் தூக்கி எறியப்படும் வளர்ப்புத் தட்டுகள், ஈஸ்டர் விடுமுறையால் கூடுதல் நாள் கிடந்ததால்தான் கிருமி கண்ணுக்குத் தென்பட்டது. யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. புண்ணுக்குக் கவலையும் காரமும் காரணம் என்று அரை நூற்றாண்டு நம்பிய உலகம் அப்படியே திரும்பியது. அந்தத் திருப்பம் நியாயமானது. ஆனால் பெரிய வெற்றி ஒன்றைக் கண்ட பிறகு அதே சாவியை எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்க்கத் தோன்றும். ரத்தசோகை, தலைவலி, தோல் தடிப்பு, மாரடைப்பு என்று எச்.பைலோரிமேல் சுமத்தப்படாத பழி குறைவு. ரத்தசோகை போலச் சில நின்றன, பல உதிர்ந்தன. சாப்பிட்டதும் வெளிக்குப் போகவைக்கும் எரிச்சல் குடல் நோயும் அந்தப் பட்டியலில் ஒன்று.

அமிலத்தில் ஒரு கிருமி எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சோதனையும் புரிந்துவிடும். எச்.பைலோரி யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. அந்த நொதி வயிற்றிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். அம்மோனியா சுற்றியிருக்கும் அமிலத்தைத் தணிக்க, அந்தச் சிறு வட்டத்துக்குள் இருந்தபடி கிருமி இரைப்பையின் சளிப்படலத்துக்குள் துளைத்துக்கொண்டு குடியேறிவிடும். உள்நோக்கிக் குழாயை விட்டு இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து அரிசிக் குறுநொய் அளவு திசுவைக் கிள்ளி, யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அம்மோனியா உண்டாகிக் கூழ் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாகிறது. சில சமயம் நோயாளி மேசையை விட்டு இறங்குவதற்குள்ளேயே. கண்ணெதிரே நிறம் மாறுவதைப் பார்ப்பவருக்கு, வலியின் மூலத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகத் தோன்றுவது இயல்பு. எனக்கு அந்த நிறமாற்றத்தின் மேல் சந்தேகமில்லை. அது சொல்லாத ஒன்றையும் சேர்த்து வாசித்துவிடுகிறோம் என்பதுதான் சிக்கல்.

எரிச்சல் குடல் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. மருத்துவர்கள் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்பார்கள், தமிழில் எழுதினால் காவல்துறை அதிகாரியா குடலா என்று தெரியாது. வயிற்றைத் திறந்து பார்த்தாலும் குழாய்விட்டுப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தெரியாத நோய் இது. அதனால் அடையாளங்களைக் கொண்டே வரையறுக்கிறார்கள். 2016இல் வகுக்கப்பட்ட நான்காம் ரோம் அளவுகோலின்படி, கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும்; அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, போகும் தடவை மாறுவது, மலத்தின் பதம் மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும்; தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இந்திய இரைப்பை–குடலியல் சங்கத்தின் பணிக்குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் பொதுமக்கள் 4,500 பேரை விசாரித்ததில் 4.2 சதவீதத்தினருக்கு இது இருந்தது. எச்.பைலோரியின் கணக்கோ வேறு தரத்தில் நிற்கிறது. ஐதராபாத்தில் நடந்து 1991இல் வெளியான ரத்தப் பரிசோதனை ஆய்வில், இருபது வயதுக்குள்ளாகவே பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குக் கிருமி தொற்றியிருந்தது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிற கிருமி அது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே என் வாதத்தின் பாதி முடிந்துவிடும்.

மலையில் ஆயிரம் பேர் கொண்ட ஊர்க்கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பணிக்குழுவின் விகிதப்படி அதில் 42 பேருக்கு எரிச்சல் குடல் இருக்கும். ஊரில் நூற்றுக்கு எழுபது பேரிடம் கிருமி இருப்பதாகக் குறைத்தே வைத்துக்கொண்டாலும், கிருமிக்கும் குடலுக்கும் எந்த உறவும் இல்லாதபோதே அந்த 42 பேரில் 29 பேரிடம் சோதனைக்கூழ் இளஞ்சிவப்பாகும். மருத்துவர் கண்ணுக்குத் தெரிவது இந்த 29 பேர்தான். வயிற்றில் கிருமியை வைத்துக்கொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் சாமைச்சோறும் களியும் தின்று காட்டு வேலைக்குப் போகிற மீதி 671 பேர் அவரிடம் வருவதில்லை. ஊரில் எல்லோர் வீட்டுக் கூரையிலும் காகம் உட்காருகிறது. ஒரு வீட்டில் மட்டும் சண்டை நடந்தால் காகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, சண்டை நடக்கும் வீட்டில் காகம் மற்ற வீடுகளைவிட அதிகமாக உட்காருகிறதா என்பதே. அதைத்தான் உலகெங்கும் ஒப்பீட்டு ஆய்வுகள் கேட்டன. அப்படிப்பட்ட 13 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கணக்கெடுப்பு, எரிச்சல் குடல் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் எச்.பைலோரி இருக்கும் வாய்ப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று முடித்தது. வேறுபாடு இருப்பது போலத் தெரிந்ததும் தற்செயலின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. எச்.பைலோரி ஒரே வகை அல்ல, சில வகைகள் கடுமையானவை, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் உண்மைத் தொடர்பு கரைந்துபோகும் என்பார்கள். கராச்சியிலிருந்து 2012இல் வந்த ஓர் ஆய்வு, பேதி மிகுந்த எரிச்சல் குடல் நோயாளிகளிடம் கிருமியின் கடுமைக்கு அடையாளமான ‘காக்–ஏ’ போன்ற மரபணுக்களைத் தேடிப் பார்த்து, தொடர்பு இருக்கலாம் என்றது. இரைப்பை அழற்சி நரம்புகளைக் கூர்மையாக்கி, அந்தக் கூர்மை கீழ்க்குடல் வரை பரவக்கூடும் என்பதும் நினைத்துப் பார்க்கக்கூடியதே. வழிமுறை சாத்தியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேற்கு நாடுகளில் கடுமையான வகையைப் பிரித்துக் காட்டும் அந்த மரபணு, இந்தியாவில் பிரித்துக் காட்டுவதில்லை. கொல்கத்தாவில் புண் உள்ளவர்களின் கிருமியையும் நலமாக இருப்பவர்களின் கிருமியையும் ஒப்பிட்டபோது, இரு தரப்பிலும் காக்–ஏ ஏறத்தாழ ஒரே அளவுக்கு மலிந்திருந்தது. எல்லோர் சட்டையிலும் ஒரே கறை என்றால் கறையை வைத்து யாரைப் பிடிப்பது? மல்ஹோத்ராவும் டோவியும் உதவுவது இங்கேதான். கிருமி நாடெங்கும் பரந்திருக்க, புண் மட்டும் சில நிலங்களில் குவிந்தது என்றால், கிருமிக்கும் நோய்க்கும் இடையில் உணவு, பழக்கம், உடல்வாகு என்று வேறு சிலவும் நிற்கின்றன. நேரடிக் காரணம் என்று நிலைநாட்டப்பட்ட புண் விஷயத்திலேயே இத்தனை இடைத்தரகர் என்றால், எட்டத்தில் இருக்கும் பெருங்குடலைப் பற்றி இன்னும் எச்சரிக்கையாகப் பேச வேண்டாமா?

அடுத்த மறுப்பு ஆய்வுகளிலிருந்து வருவதில்லை, அனுபவத்திலிருந்து வருகிறது; அதனாலேயே வலுவானது. ‘கிட்’ சாப்பிட்டேன், வயிறு சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் ஏராளம். அமிலம் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு எதிர்நுண்ணுயிரி மருந்துகளை ஒரே பட்டையில் அடைத்து, காலை மாலை என்று 14 நாள் விழுங்கச் சொல்வதுதான் கிட். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டைக்குள் கிருமியைக் கொல்வது தவிர வேறு சிலவும் நடக்கின்றன. முதலில், மேல்வயிற்று மந்தமும் கீழ்வயிற்று எரிச்சலும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். கிருமியை ஒழித்தால் மேல்வயிற்றுத் தொந்தரவு சிலருக்குக் குறைகிறது. மருத்துவ ஆய்வுகளின்படி ஏறத்தாழ 14 பேருக்குச் சிகிச்சை கொடுத்தால் அதன் பலனாக ஒருவர் கூடுதலாகத் தேறுகிறார். மேலே நிம்மதி வந்தவர் வயிறு முழுக்கச் சரியானதாகச் சொல்வார். நாமும் அப்படித்தான் சொல்வோம். இரண்டாவது, எரிச்சல் குடல் நோயில் வெற்று மாத்திரைக்கே பத்தில் மூன்று நான்கு பேர் தேறுவது வழக்கம். ரிஃபாக்ஸிமின் என்ற, குடலைத் தாண்டி உடம்புக்குள் போகாத மருந்தை வைத்து 2011இல் வெளியான பெரிய சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 40.7 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 31.7 சதவீதமும் நிம்மதி அடைந்தார்கள். இடைவெளியான ஒன்பதும் சும்மா இல்லை. குடல் பாக்டீரியாக்களைத் தொட்டால் சிலருக்குப் பலன் உண்டு என்பதை அது காட்டுகிறது. அங்கே தொடப்பட்டது குடல்வாசிகள், இரைப்பைவாசி இல்லை.

மூன்றாவது விளக்கம்தான் மலைக்கு மிகப் பொருந்துவது, ஆனால் அதிகம் பேசப்படாதது. கிட்டுகள் சிலவற்றில் மெட்ரோனிடசோலோ டினிடசோலோ இருக்கும். இந்த மருந்துகள் எச்.பைலோரிக்கென்று பிறந்தவை அல்ல. சீதபேதி அமீபாவையும், ஜியார்டியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணியையும் ஒழிக்க நம் மருந்துக் கடைகளில் பல பத்தாண்டுகளாக விற்பவை. ஊற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் காய்ச்சாமல் குடிக்கும் ஊர்க்காரர் ஒருவருக்கு வயிற்றில் எச்.பைலோரியும் சிறுகுடலில் ஜியார்டியாவும் ஒன்றாக இருக்கலாம். சோதித்தது முன்னதை மட்டும். மருந்து கொன்றது பின்னதையும் சேர்த்து. நாளடைவில் வயிறு பொருமலும் நாற்றக் கழிச்சலும் நின்றுவிடும். புகழ் மட்டும் சோதிக்கப்பட்ட கிருமியை ஒழித்ததற்குப் போய்ச் சேரும்.

ஜியார்டியாவைச் சொன்னதும் நான் உண்மையென்று நம்பும் தொடர்புக்கு வந்துவிட்டேன். தொற்றுக்கும் எரிச்சல் குடலுக்கும் உறவு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அது வந்துபோகும் குடல் தொற்றின் உறவு. கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் கனமழைக்குப் பின் குடிநீர்க் கிணற்றில் சாணம் கலந்து, ஈ.கோலியும் கேம்பிலோபாக்டரும் குழாய் வழியே வீடுகளுக்குப் போயின. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்று ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அன்று மருத்துவரீதியாகக் குடல் தொற்று என்று கருதப்பட்டவர்களில் 36.2 சதவீதத்தினருக்கு எரிச்சல் குடல் இருந்தது, தப்பித்தவர்களில் 10.1 சதவீதம்தான். எட்டாண்டுக்குப் பிறகும் வித்தியாசம் மறையவில்லை. நார்வேயின் பெர்கன் நகரில் 2004இல் குடிநீரில் ஜியார்டியா கலந்தது. மூன்றாண்டுக்குப் பின் தொற்றியவர்களில் 46 சதவீதமும் தொற்றாதவர்களில் 14 சதவீதமும் எரிச்சல் குடலோடு இருந்தார்கள். முன்பு சொன்ன 13 ஆய்வுகளின் தொகுப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கிருமி உள்ளவரும் இல்லாதவரும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தார்கள். இங்கே மூன்று மடங்குக்கு மேல் விலகி நிற்கிறார்கள். போதாததற்கு, எந்த மாதம் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பது வரை முன்பின் வரிசையும் தெளிவாக இருக்கிறது.

இதைக் கனடாக்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்திலேயே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தானும் 1960களில் இதற்கு நெருங்கிய ஒன்றைத்தான் பின்தொடர்ந்தார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் பேதி கொள்ளைநோயாகப் பரவி, பலரிடம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நிற்காமல் தொடர்ந்து, உண்ட சத்து உடம்பில் சேராமல் ஆட்களை உருக்கியது. வெப்பமண்டலக் கழிச்சல் என்று அதற்குப் பெயர். கிராணி என்றால் அடிவாரத்துக் கிழவிகளுக்குப் புரிந்திருக்கும். பேக்கரும் மத்தானும் 1968இல் எழுதிய கட்டுரை அந்தக் கிராமத்துப் பரவல்களைப் பற்றியதே. அது எரிச்சல் குடல் நோய் அல்ல. அதில் குடல் உறிஞ்சும் சக்தியையே இழக்கிறது, எடை சரிகிறது, ரத்தம் வெளுக்கிறது. ஆனாலும் தொற்று போன பிறகும் குடல் பழைய நிலைக்குத் திரும்பாமல் நிற்கலாம் என்ற அடிப்படைச் செய்தி அதிலேயே இருந்தது. நாம்தான் அதை மறந்துவிட்டு, கிருமி இன்னும் உள்ளே இருந்தால்தான் நோய் இருக்கும் என்ற எளிய கணக்குக்கு வந்துவிட்டோம்.

வாக்கர்ட்டனில் குற்றவாளி கேம்பிலோபாக்டர் என்றால், எச்.பைலோரியும் அதற்கு உறவுதானே, முன்பு எச்.பைலோரிக்கும் கேம்பிலோபாக்டர் பைலோரி என்றுதானே பெயர் வைத்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். பெயர் உண்மைதான், 1989இல்தான் ஹெலிகோபாக்டர் என்று மாற்றினார்கள். ஆனால் பங்காளிகள் என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. கேம்பிலோபாக்டர் திடீரென்று வந்து, குடல் சுவரில் நுழைந்து, ஒரு வாரம் அமளி செய்துவிட்டுப் போகும். அதன் நச்சுப் புரதத்துக்கு எதிராக உடம்பு எழுப்பும் எதிர்ப்பொருள்கள் குடலின் அசைவைக் காக்கும் சொந்தப் புரதம் ஒன்றையும் சேர்த்துத் தாக்குகின்றன என்றொரு விளக்கம் இருக்கிறது. எச்.பைலோரி குடலுக்குள் படையெடுப்பதில்லை. அது இரைப்பைச் சளியின் நிரந்தரக் குடித்தனக்காரன். மரபணுக் கணக்குப்படி ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே கூட வந்த பழைய குடித்தனம். அப்படிப்பட்டவனோடு உடம்பு ஒருவகையில் ஒத்துப்போகப் பழகியிருக்கும். எப்போதும் நன்மைக்காகவே என்று சொல்ல மாட்டேன்.

நன்மைக்காக அல்ல என்பதால் இன்னொரு மறுப்பும் வருகிறது. எப்படியும் அது புற்றுநோய்க் கிருமிதானே, எரிச்சல் குடலுக்கு ஆகாவிட்டாலும் கொல்வதில் என்ன நஷ்டம்? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994இலேயே எச்.பைலோரியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் சேர்த்தது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் நெடுங்காலம் ஆண்களிடையே முன்னணியில் நின்றது இரைப்பைப் புற்றுதான். ஆகவே புண் இருந்தால், குடும்பத்தில் இரைப்பைப் புற்று இருந்தால், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறை நீடித்தால் கிருமியை ஒழிக்கத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. தயக்கம், குடல் எரிச்சலைக் காரணம் காட்டி ஒழிப்பதில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், கீழாநெல்லி ஆய்வால் பலருக்கும் பெயர் தெரிந்தவர், அவர் தலைமையில் பல நகரங்களில் சேர்த்த எச்.பைலோரிக் கிருமிகளைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். மெட்ரோனிடசோலுக்கு 77.9 சதவீதம், கிளாரித்ரோமைசினுக்கு 44.7 சதவீதம், அமாக்ஸிசிலினுக்கு 32.8 சதவீதம் அசையவில்லை. நாலு நாள் சாப்பிட்டு வயிறு குமட்டியதும் பட்டையை விறகடுப்பு மாடத்தில் செருகி வைப்பது எங்கும் நடப்பது. மிச்சமிருக்கும் கிருமி அதற்குள் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அதோடு, இரண்டு எதிர்நுண்ணுயிரிகளை 14 நாள் விழுங்குவதே குடல்வாசிகளைக் கலைத்துப் பேதியை வரவழைக்கும். எரிச்சல் குடல்காரருக்கு அது எரிகிற வீட்டில் நெய்.

மலையில் உண்மையாகத் தேட வேண்டியவை வேறு. வேலூர் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களில் மலப் பரிசோதனை செய்து 2013இல் வெளியிட்டபோது, 39 சதவீதத்தினருக்கு மண்வழிப் புழுக்கள் இருந்தன. ஏறத்தாழ அத்தனையும் கொக்கிப்புழு. ஈர மண்ணில் கிடக்கும் நூலினும் மெல்லிய குஞ்சு வெறுங்காலின் விரலிடுக்கில் நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் வந்து கடித்துக்கொண்டு தொங்கும். புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். அற்பம்தான், நூறு புழு இருந்தால் மாதத்தில் 90 மில்லி. அதில் மேல்வயிற்று வலி உண்டு, பொருமல் உண்டு, சில சமயம் கழிச்சலும் உண்டு. சோகையால் மூச்சு வாங்கும். ‘அல்சர்’ என்று எழுதவும் ‘பைலோரி’ என்று எழுதவும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதவும் தோதான நோய். தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுப்பது ஒன்று முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு. காட்டில் நாளெல்லாம் நிற்கும் பெரியவர்களுக்கு அது எட்டுவதில்லை. எல்லா வயதினருக்கும் கொடுத்தால் பரவலையே அறுக்க முடியுமா என்று பார்க்க 2017இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வுக்கு இந்தியக் களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை திமிரியும் ஜவ்வாது மலையும்.

அப்படியானால் மலையில் எரிச்சல் குடல் என்பதே கிடையாது, எல்லாம் புழுவும் ஜியார்டியாவும்தான் என்று அடுத்த முனைக்குத் தாவவும் நான் தயாரில்லை. கவலையும் தூக்கமின்மையும் குடலை ஆட்டும். மூளைக்கும் குடலுக்கும் இடையே ஓடும் நரம்புப் பேச்சு மலைக்காரர் என்பதற்காக ஓய்ந்துவிடாது. ஆனால் நகரத்தில் முதலில் கேட்கிற ‘டென்ஷனா?’ என்ற கேள்வியை மலையில் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிச்சல் வருகிறதா, கண்ணிமை வெளுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் எரிச்சல் குடல் என்ற பெயரை ஒட்டக் கூடாது. பிறகு, இது எந்த மழைக்குப் பின் தொடங்கியது, அப்போது வீட்டில் வேறு யாருக்குப் பேதி கண்டது, தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று கேட்கலாம். புழுவையும் ஜியார்டியாவையும் தேடக் குழாயும் வேண்டாம், எச்.பைலோரிக்கான மூச்சுச் சோதனையும் வேண்டாம். வேண்டியது ஒரு நுண்ணோக்கியும் அதில் பார்க்கப் பழகிய ஓர் ஆளும். இரண்டும் மலைமேலேயே இருந்தாக வேண்டும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, கிளிசரின் தோய்ந்த தாளால் மூடிய பிறகு அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் கிளிசரின் முட்டையைத் தெளியவைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். ஜமுனாமரத்தூரில் பூசிய தகடு வளைவுகளில் இறங்கிப் போளூர் போய்ச் சேர்வதற்குள் அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.